பாதி செதுக்கிய பிடி: கோடரி, மண்வெட்டி, கத்திக்குப் பிடி போடுவது பற்றிய கேள்வி பதில்

மரக்காலையிலும் இரும்புக் கடையிலும் வாங்கும் பிடி பெரும்பாலும் பாதி வேலை முடிந்ததாகவே கைக்கு வருகிறது. உருவம் இருக்கும், பொருத்தம் இருக்காது. இரும்பின் கண்ணுக்குள், அதாவது பிடி செருகும் துளைக்குள், போகும் முனையைத் தடிப்பாக விட்டிருப்பார்கள், மேற்பரப்பு வாள் பட்ட சொரசொரப்போடு இருக்கும். மீதியை வீட்டில் நாமே முடிக்க வேண்டும். வன்னியில் பல ஊர்களிலிருந்து இதுபற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடத் தச்சு வேலையில் கையால் செய்து அறிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முத்தையன்கட்டிலிருந்து ஒரு விவசாயி: ஐயா, புதுக் கோடரிப் பிடி கண்ணுக்குள் பாதிகூடப் போகவில்லை. கூடச் சீவினால் தளர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எவ்வளவு சீவுவது?

உங்கள் பயம் நியாயமானது. சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே கண்ணால் மதிப்பிட்டுச் சீவாதீர்கள், எங்கே சீவ வேண்டும் என்பதை இரும்பே சொல்லட்டும்.

மண்ணெண்ணெய் விளக்குச் சிமினியில் படியும் கரியை வழித்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழையுங்கள். கண் மை பதத்தில் இருந்தால் போதும். அதைக் கோடரிக் கண்ணின் உட்சுவரில் மெல்லியதாகப் பூசுங்கள். பிடியைச் செருகி, அடிமுனையில் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியே எடுங்கள். மரத்தில் சில இடங்களில் மட்டும் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். இரும்பு இடிக்கும் இடம் அதுதான். அந்தப் புள்ளியை மட்டும் அரத்தால் எடுங்கள், பக்கத்தில் வெள்ளையாக இருக்கும் மரத்தைத் தொடாதீர்கள். மறுபடி செருகுங்கள், எடுங்கள், பாருங்கள். முதலில் நாலைந்து புள்ளிகள்தான் இருக்கும். போகப் போகப் புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று சேரும். சுற்றிவரக் கறுப்பாகப் பதிந்தால் மரமும் இரும்பும் எல்லா இடத்திலும் சந்தித்துவிட்டன என்று பொருள். பதினைந்து, இருபது தடவை செருகி எடுக்க வேண்டி வரும். அரை நாள் போகும், போகட்டும்.

கடைசியாக ஏற்றும்போது கோடரித் தலையை நிலத்தில் வைத்துப் பிடியை அடிக்காதீர்கள். பிடியை ஒரு கையில் செங்குத்தாகத் தூக்குங்கள், தலை கீழே தொங்கட்டும். மேலே இருக்கும் அடிமுனையில் கொட்டாப்புளியால் அடியுங்கள். அடிவிழும்போது பிடி இறங்கும். தலை தன் பாரத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒவ்வோர் அடிக்கும் தலை பிடியில் ஏறுவதைப் பார்க்கலாம். பிடியின் நுனி கண்ணுக்கு வெளியே நெல் மணி நீளத்துக்குத் துருத்தி நிற்க வேண்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து: பிடிக்கு எந்த மரம் நல்லது? பாலைதான் வைரம் என்று அப்பா சொல்வார்.

பாலை வைரம்தான், தண்ணீரில் போட்டால் அமிழும் அளவுக்கு. கூரை வளைகளுக்கும் கப்புகளுக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கோடரிப் பிடிக்கு வைரம் மட்டும் போதாது. அடியின் அதிர்வை மரம் வாங்கிக்கொள்ள வேண்டும். பாலைப் பிடியால் ஒரு பகல் முழுக்க விறகு கொத்தினால் இரவில் முழங்கை சொல்லும்.

என் முதல் தெரிவு சவண்டலை. பாரம் அளவானது, வளைந்து கொடுக்கும், வெடிக்காது. ஆங்கிலேயர் காலத்தில் திருகோணமலை மரம் என்ற பெயரிலேயே கடல் கடந்து போனது இது. அலை மோதும் சென்னைக் கடற்கரையில் மசூலாப் படகுகளை இதில் கட்டினார்கள். அடுத்தது விண்ணாங்கு. முதிரை பார்க்கப் பொன்போல மின்னும், ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். அரத்தாள் போடும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், முடிந்ததும் குளித்துவிடுங்கள். பனையைக் கோடரிக்குப் போடாதீர்கள். அதன் நார் பிரிந்து சிராம்பாகக் கையில் ஏறும்.

மரத்தின் இனத்தைவிட நாரின் ஓட்டம் முக்கியம். பிடியைப் பக்கவாட்டில் பிடித்து மெல்லிய கோடுகளைப் பாருங்கள். அவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். நடுவழியில் பக்கத்தால் வெளியேறினால், என்றோ ஒருநாள் அந்த இடத்தில்தான் பிடி முறியும். அப்படிப்பட்ட பிடியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுங்கள்.

காட்டில் தறிக்கலாமா என்றும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் காட்டு மரம் தறிப்பதும் ஏற்றுவதும் குற்றம். மரக்காலையில் கழிவுத் துண்டு வாங்கிப் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நிற்கும் பற்றைக்குள் ஒரு பிடிக்காகக் கால் வைக்காதீர்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் இளைஞர்: வளவில் விழுந்த வேப்ப மரத்தை அறுத்துப் பிடி செதுக்கினேன். சீவுளி அலகு பல் விழுந்துவிட்டது. மரத்துக்குள் நீலம் கலந்த கறுப்புக் கறை. நோயா?

நோயில்லை, தம்பி. அது இரும்பு. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அந்த நிறம் வரும். உங்கள் ஊர் மரமென்றால் உள்ளே இருப்பது குண்டுச் சிதறலாகத்தான் இருக்கும். 2009இல் போர் முடிவதற்கு முன் நின்ற மரம் எதையும் நான் நம்பி வாளில் வைப்பதில்லை. மரம் காயத்தை மூடி அதன் மேல் வளர்ந்துவிடுகிறது. பட்டையில் பழைய தழும்போ, முடிச்சுப்போன்ற வீக்கமோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பதும் உதவும், ஆனால் ஈயமும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டா. சில சன்னங்கள் அப்படித் தப்பிவிடும்.

கறை நாரோட்டத்தில் மேலும் கீழும் நீண்டு போகும். கறையின் நடுவில்தான் துண்டு இருக்கும். அந்தப் பகுதியை இரு பக்கமும் தள்ளி வெட்டிக் கழியுங்கள், பிடிக்கு எடுக்காதீர்கள். என்னிடம் ஒரு போத்தலில் அப்படி எடுத்த துண்டுகள் இருக்கின்றன. ஒன்று கண்டங்கத்தரி முள் அளவு, ஒன்று பெருவிரல் அளவு. எறிய மனம் வரவில்லை.

மல்லாவியிலிருந்து: மழைக்காலத்தில் இறுக்கமாக இருந்த கோடரி, சோளகம் தொடங்கியதும் ஆடுகிறது. தண்ணீரில் ஊறவைத்துப் பாவிக்கிறேன். சரியா?

சரியில்லை. ஊரெல்லாம் செய்கிறது, நானும் சிறுவயதில் செய்தேன், ஆனாலும் சரியில்லை.

ஊறிய மரம் பருக்கப் பார்க்கும். இரும்பு இடம் கொடுக்காது. அப்போது மரத்தின் நார் தானே நசுங்கும். காய்ந்ததும் அந்த நசுங்கிய மரம் முன்னையதைவிடச் சிறுத்துப் போகும். ஆகவே ஒவ்வொரு ஊறலுக்கும் தளர்வு கூடுகிறது. இன்று இறுகியதுபோல் தெரிவது நாளை மறுநாளுக்கான கடன்.

மூல காரணம் பச்சை மரத்தில் பிடி போட்டதுதான். மரம் நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்காது. குறுக்குவாட்டில் நன்றாகச் சுருங்கும். கண்ணுக்குள் இருப்பது குறுக்குவாட்டுத் தடிப்பு அல்லவா?

2010இல் மீள்குடியேறிய நேரம். வளவெல்லாம் பற்றை, எல்லோருக்கும் கோடரி தேவை. நிவாரணத்தில் கிடைத்த தலைகளுக்கு நான் வரிசையாகப் பிடி போட்டுக் கொடுத்தேன். காயவைக்க நாளில்லை என்று பச்சை மரத்திலேயே போட்டேன். பங்குனி வெயிலில் ஒரு தலை கழன்று பறந்தது. விறகு பொறுக்கிக்கொண்டிருந்த பையனுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. அந்தப் பிடியை நானே செதுக்கினேன். அதன் பிறகு பச்சை மரத்தில் ஒரு பிடியும் போட்டதில்லை, யார் கெஞ்சினாலும்.

காய்ந்ததா என்று அறியத் தராசு போதும். பிடியை நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். இரு முனைக்கும் மெழுகு பூசினால் வெடிப்பு விழாது. கிழமைக்கு ஒருமுறை பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். நிறை குறைந்துகொண்டே போகும். மூன்று கிழமை தொடர்ந்து ஒரே நிறை காட்டினால் மரம் தயார். வாடைக் காலத்தில் இதைச் செய்து முடிவெடுக்காதீர்கள். காற்றின் ஈரத்தில் தராசு ஏமாற்றும்.

துணுக்காயிலிருந்து: ஆப்புக்குப் பதில் ஆணி அடித்தால் என்ன?

ஆணி மரத்தைப் பிளக்கும், ஆப்பு விரிக்கும். பிடியின் நுனியில் கண்ணின் நீண்ட பக்கம் போகும் திசையில் வாளால் ஒரு கீறு போடுங்கள். ஆழம் கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நன்றாகக் காய்ந்த வைர மரத்தில் ஆப்புச் செதுக்கி அதில் இறக்குங்கள். ஆப்பின் அகலம் கண்ணின் நீளத்தை நிரப்ப வேண்டும். அடிக்கும் சத்தம் மந்தமாக இருந்து கணீரென்று மாறும்போது நிறுத்துங்கள்.

விசுவமடுவிலிருந்து ஒரு தாய்: வீட்டுத் தோட்டத்துக்கு மண்வெட்டி வாங்கினேன். பிடி என் கைக்குப் பெரிது. ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை கொப்புளிக்கிறது. கையுறைதான் வழியா?

தங்கச்சி, குறை உங்கள் கையில் இல்லை. கடைப் பிடி ஆண்களின் கைக்கென்று அறுத்தது. தடித்த பிடியை விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்காததால் மரம் கைக்குள் உருளுகிறது, உருளும் இடத்தில் தோல் கிளம்புகிறது.

பிடியைச் சாதாரணமாகப் பற்றிப் பாருங்கள். நடுவிரலின் நுனி பெருவிரலின் அடிச் சதையை இலேசாகத் தொட வேண்டும். தொடாமல் இரண்டு விரல் இடைவெளி நின்றால் அவ்வளவும் மிகை. பிடியில் உங்கள் இரு கைகளும் வழக்கமாக நிற்கும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். அந்த இடங்களில் முதலில் மர அரம், பிறகு உடைந்த கண்ணாடித் துண்டு. கண்ணாடியின் விளிம்பை மரத்தின் மேல் சற்றுச் சாய்த்து இழுத்தால் பூவிதழ்போல மெல்லிய சீவல் சுருண்டு வரும். பிடிக்கும் பக்கத்தைத் துணியால் நன்றாகச் சுற்றிக்கொள்ளுங்கள். உருண்டையாக எடுக்காமல் முட்டை வடிவாக எடுங்கள். வெட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமலே கைக்குத் தெரியும்.

பிறகு 80ஆம் இலக்க அரத்தாள், அடுத்து 120. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். படுத்துக் கிடந்த நார்கள் மயிர்போல எழும்பும். அவற்றை மெல்லத் தேய்த்துவிட்டால் மழையில் நனைந்தாலும் மறுபடி சொரசொரக்காது. அதற்கு மேல் மினுக்க வேண்டாம், வழுக்கும் பிடியை இறுக்கிப் பிடித்தே கை களைத்துவிடும்.

கிளிநொச்சியிலிருந்து: வார்னிஷ் அடிக்கவா, எண்ணெய் பூசவா? எங்கள் வீட்டில் இலுப்பெண்ணெயும் வேப்பெண்ணெயும் இருக்கின்றன.

எண்ணெய்தான். வார்னிஷ் மரத்தின் மேல் தோலாக நிற்கும். வியர்வையில் வழுக்கும், உரிந்த இடத்தில் ஈரம் புகும்.

ஆனால் எந்த எண்ணெயும் ஆகாது. இலுப்பை, வேம்பு, தேங்காய் மூன்றும் உலராத எண்ணெய்கள். எவ்வளவு நாள் வைத்தாலும் பிசுபிசுக்கும், மண் ஒட்டும். உலர்ந்து இறுகுவது ஆளிவிதை எண்ணெய். இரும்புக் கடையில் லின்சீட் என்று கேளுங்கள், பெயின்ட் வேலைக்கு வைத்திருப்பார்கள். துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மரம் குடிக்காத மிச்சத்தை முழுக்கத் துடையுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு அடுத்த பூச்சு. நாலு பூச்சுப் போதும். இரு முனைகளும் நடுவைவிட அதிகம் குடிக்கும், அங்கே தாராளமாகக் கொடுங்கள். கடைசியில் தேன்மெழுகு தேய்த்தால் மழைநீர் முத்துப்போல உருண்டு விழும்.

இதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு உண்டாகிறது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியின்றிக் கூடி, தீப்பெட்டி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். ஓலை வேய்ந்த கொட்டிலில் வேலை செய்பவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்வேன். துணியை விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: கழிவு எஞ்சின் ஒயில் பூசினால் கறையான் வராதாமே?

கைபடும் மரத்துக்கு வேண்டாம். கழிவு ஒயில் தோல் வழியே உடம்புக்குள் போகும், அதில் புற்றுநோய் தரும் பொருட்கள் உண்டு. பிடியை நிலத்தில் போடாமல் தூக்கி மாட்டினாலே கறையான் தேடி வராது. மாவு கொட்டும் உளு வேறு. அது பட்டையை ஒட்டிய வெள்ளை மரத்திலுள்ள மாச்சத்துக்காக வருகிறது. உள்ளே இருக்கும் வைரப் பகுதியில் பிடி எடுங்கள்.

தருமபுரத்திலிருந்து: கத்தியின் வால் பிடிக்குள் நிற்கவில்லை. அரக்கு ஊற்றியும் கழல்கிறது.

துளை பெரிதாகிவிட்டது. புதுப் பிடியில் வாலைவிடச் சிறிதாகத் துளை போடுங்கள். கத்தி அலகை ஈரச் சாக்கால் நன்றாகச் சுற்றி, வாலை மட்டும் நெருப்பில் காட்டிச் செருகுங்கள். மரம் கருகி வாலின் அச்சிலேயே வழிவிடும். அலகு சூடேறினால் பதம் போய்விடும், சாக்கு காய விடாதீர்கள். முக்கால்வாசி போனதும் எடுத்து, இரண்டையும் ஆறவிட்டு, துளையின் கரியைத் தட்டிக் கொட்டுங்கள். பிறகு அரக்குப் பொடி நிரப்பி, வாலை அரக்கு உருகும் அளவுக்கு மட்டும் சூடாக்கி இறக்கி, ஆறும் வரை அசையாமல் வையுங்கள். கரி இருந்தால் அரக்கு மரத்தில் பிடிக்காது. உங்கள் கத்தி கழன்றதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

புளியங்குளத்திலிருந்து: பிக்காசுக்கும் ஆப்பு வேண்டுமா?

வேண்டாம். அதன் பிடி நுனியில் பருத்தது. மெலிந்த பக்கத்தைக் கண்ணுக்குள் விட்டு மறுபக்கத்தால் இழுங்கள். வீசும் ஒவ்வொரு தடவையும் தலை தானே நுனிப் பருப்பில் இறுகும். பொருத்தம் பார்க்க அதே விளக்குக் கரி.