மருமகன் கையெழுத்துப் போட மறுத்தால் விவாகரத்து நின்றுவிடுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கும் என் மகள் விவாகரத்து மனு தாக்கல் செய்திருக்கிறாள். அங்கே ‘நோ-ஃபால்ட்’ முறை என்பதால் வழக்காடாமலேயே முடிந்துவிடும் என்று நம்பியிருந்தோம். இப்போது மருமகன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட மறுக்கிறார். அப்படியானால் இது என்ன வகை விவாகரத்து?

பதில்: உங்கள் மகளுடையது குற்றம் சாட்டாத விவாகரத்துதான். மருமகன் பதில்மனு கொடுத்து மறுத்தால், அதுவே எதிர்ப்புள்ள வழக்காகவும் ஆகிவிடும். இரண்டும் ஒரே வழக்கில் சேர்ந்திருக்கக் கூடியவை.

‘நோ-ஃபால்ட்’ என்பது, பிரிவதற்கு என்ன காரணம் காட்ட வேண்டும் என்பதைப் பற்றியது. 1970 ஜனவரி முதல் அம்மாநிலத்தில், துணைவர் கொடுமை செய்தார் என்றோ தகாத உறவு வைத்திருந்தார் என்றோ நிரூபிக்க வேண்டியதில்லை. தீர்க்க முடியாத கருத்து வேறுபாடு என்று மனுவில் குறிப்பிட்டாலே போதும். ஒருவர் பிரிவதில் உறுதியாக இருந்தால், மற்றவர் கையெழுத்திட மறுத்து அதைத் தடுக்க முடியாது. மனு முறைப்படி அவரிடம் சேர்ப்பிக்கப்பட்ட 30 நாள்களுக்குள் அவர் பதிலளிக்காவிட்டால், அவரில்லாமலேயே வழக்கைத் தொடருமாறு உங்கள் மகள் கோரலாம்.

எதிர்ப்பு உண்டா இல்லையா என்பதோ, சொத்து, கடன், ஜீவனாம்சம், குழந்தைகளின் பொறுப்பு ஆகியவற்றில் இருவரும் உடன்பட்டார்களா என்பதைப் பொறுத்தது. உண்மையான சண்டை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. மணவாழ்க்கையின்போது ஈட்டியவை பொதுவாக இருவருக்கும் சரிபாதி என்பது அங்குள்ள சட்டம் என்றாலும், வீட்டின் மதிப்பு என்ன, எந்தச் சேமிப்பு திருமணத்துக்கு முந்தையது என்பவற்றிலேயே மாதக்கணக்கில் வாதம் நீளலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: குடும்ப வன்முறை நடந்திருந்தால், குழந்தைப் பொறுப்பையும் ஜீவனாம்சத்தையும் முடிவு செய்கையில் நீதிமன்றம் அதைக் கணக்கில் கொள்ளும். ‘குற்றம் சாட்டத் தேவையில்லையே’ என்று எண்ணி உங்கள் மகள் அதை வழக்கறிஞரிடம் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

இதன் மறுபக்கத்தை இங்கிலாந்தில் காணலாம். அங்கே 2022 ஏப்ரலில் சட்டம் மாறும்வரை, நெடுநாள் பிரிந்து வாழக் காத்திருக்க விரும்பாதவர்கள் துணைவர்மீது குறை சொல்லியே மனு செய்ய வேண்டியிருந்தது. குறை சொல்லப்பட்டவரோ பெரும்பாலும் அதை எதிர்க்காமல் விட்டுவிடுவார். குற்றச்சாட்டு உண்டு, எதிர்ப்பு இல்லை.

எல்லாவற்றிலும் உடன்பாடு ஏற்பட்டாலும், மனு மருமகனிடம் சேர்ப்பிக்கப்பட்டு ஆறு மாதங்கள் ஆகாமல் கலிஃபோர்னியாவில் மணமுறிவு நடைமுறைக்கு வராது. அந்த இடைவெளியில் சமரசப் பேச்சுக்கு முயலலாம். உடன்பட்டவற்றை எழுத்தில் பதிந்துகொண்டு, எஞ்சியவற்றை மட்டும் நீதிபதியின் முடிவுக்கு விடவும் வழி உண்டு.