பதில்: வேலையை விட்டு முழுநேர நாடகத்துக்கு வரலாமா?

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். "சென்னையில் ஒரு சின்ன நாடகக் குழுவில் இருக்கிறேன், காவலாளி, கூட்டத்தில் ஒருவன் என்றே வேடம் வருகிறது, குரலும் கடைசி வரிசைக்குப் போகவில்லை, டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் சேரலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அது மூன்று வருஷ முழுநேரப் படிப்பு, வேலையோடு சேர்த்து நடக்காது. நவீன நாடகத்தில் அரங்க வாடகை, லைட் செலவு போக நடிகருக்கு என்ன மிஞ்சும் என்று உங்கள் குழுவிலேயே விசாரியுங்கள். விஜய் சேதுபதியே கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவுக்குள் போனது கணக்கராகத்தான்.

குரலுக்கு வருவோம். கத்தினால் தொண்டைதான் கட்டும். வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் சிக்கல் அங்கேதான்: "நான் போகமாட்டேன்" என்பதில் "நான் போக" மட்டும் கேட்கும், "மாட்டேன்" மேடையிலேயே விழுந்துவிடும், அப்புறம் அர்த்தமே தலைகீழ். நடந்துகொண்டே வசனம் பேசி, மூச்சு எடுக்கிற இடத்தில் எல்லாம் பிரதியில் பென்சிலால் கோடு போடுங்கள். முடிந்தால் ஒரு இரவு புரிசை கிராமத்துத் தெருக்கூத்தைப் பாருங்கள்; அடவு போட்டுக்கொண்டே விடிய விடியப் பாடுகிறவர்கள். கூத்துப்பட்டறை நடிகர்களுக்குக் கூத்து சொல்லிக்கொடுத்த கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரை அது.

வேடம் வேண்டுமென்றால் இயக்குநரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கூடவே பெரிய வேடம் ஒன்றின் வசனத்தை முழுசாக மனப்பாடம் செய்து வைத்திருங்கள், ஒத்திகைக்கு அந்த நடிகர் வராத அன்று "நான் நிற்கட்டுமா" என்று கேட்கலாம். சின்னக் குழுவில் அப்படி ஒரு நாள் கட்டாயம் வரும்.