டாக்கர் கம்போஸ் போதுமா, குபர்நெட்டீஸ் வேண்டுமா? கேள்வி பதில்

ஆப்பையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்தான் கன்டெய்னர், அதை ஓட்டும் கருவி டாக்கர். ஒரு சர்வரில் பல கன்டெய்னர்களை ஒரே ஃபைலிலிருந்து ஓட்டுவது கம்போஸ். பல சர்வர்களில் அவற்றைப் பரப்பி நிர்வகிப்பது குபர்நெட்டீஸ்.

கேள்வி: மூன்று பேர் கொண்ட டீம். ஒரு வெப் ஆப், ஒரு போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), ஒரு ரெடிஸ் (மெமரியில் டேட்டா வைக்கும் சர்வீஸ்). எல்லாம் ஒரே சர்வரில் கம்போஸில் ஓடுகிறது. குபர்நெட்டீஸுக்கு மாறியே ஆக வேண்டுமா?

வேண்டாம். உங்களுக்கு எத்தனை பயனர்கள் என்பதைவிட, அந்த சர்வர் நடுராத்திரியில் செத்துப்போனால் எவ்வளவு நேரம் பொறுக்க முடியும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஒரு மணி நேரம் பொறுக்கலாம் என்றால், புது சர்வர் எடுத்து, கம்போஸ் ஃபைலை இறக்கி, பேக்கப்பை ஏற்றுவதற்கு அந்த நேரம் போதுமா என்று ஒருமுறை நிஜமாகவே செய்து பாருங்கள். போதுமானால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். ஒரே சர்வரில் குபர்நெட்டீஸ் போட்டாலும், சர்வர் போகும்போது அதுவும் சேர்ந்தே போகும்.

கேள்வி: கம்போஸில் ஹெல்த்செக் (ஆப் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கும் சோதனை) போட்டிருந்தேன். ஆப் தொங்கிப்போய் 'அன்ஹெல்த்தி' என்று காட்டியது. ரீஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. இது டாக்கரின் பக் (பிழை) தானா?

பக் இல்லை. ரீஸ்டார்ட் பாலிசி (நின்றுபோன கன்டெய்னரை மறுபடி கிளப்பும் விதி), புராசஸ் வெளியேறினால்தான் வேலை செய்யும். ஹெல்த்செக் தோற்றால் டாக்கர் நிலையைக் குறித்து வைப்பதோடு நின்றுவிடும். பல சர்வர்களைச் சேர்த்து நிர்வகிக்கும் டாக்கரின் ஸ்வார்ம் அந்தக் கன்டெய்னரைத் தூக்கிவிட்டு வேறொன்று போடும். குபர்நெட்டீஸில் அது லைவ்னஸ் ப்ரோபின் (ஆப் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்யும் சோதனை) வேலை. கம்போஸிலேயே இருப்பதென்றால், ஆப் தன்னைத்தானே சோதித்து, தேறாத நிலையில் வெளியேறிவிடும்படி எழுதுங்கள். மீதியை ரீஸ்டார்ட் பாலிசி பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அந்தச் சோதனைக்குள் டேட்டாபேஸை இழுக்காதீர்கள். நான் ஒருமுறை லைவ்னஸ் ப்ரோபில் டேட்டாபேஸ் குவெரி ஒன்றை வைத்தேன். டேட்டாபேஸ் கொஞ்சம் மந்தமானதும் எல்லா பாடும் (குபர்நெட்டீஸில் கன்டெய்னர் ஓடும் அலகு) ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகி, புது இணைப்புகளாகக் கேட்டு, அதை முழுதாக விழவைத்துவிட்டன. டேட்டாபேஸ் தயாரா என்று பார்க்கும் இடம் ரெடினஸ் ப்ரோப். அது தோற்றால் பாட் ரீஸ்டார்ட் ஆகாது, பயனர் கோரிக்கைகளிலிருந்து விலகி நிற்கும். அங்கேயும் யோசித்து வையுங்கள்: எல்லா பாடும் சேர்ந்து விலகினால் பயனருக்குப் பதில் சொல்ல ஆளே இருக்காது.

கேள்வி: ஆறு மாதம் நன்றாக ஓடியது, திடீரென்று டிஸ்க் நிரம்பிவிட்டது.

பெரும்பாலும் லாக்தான், அதாவது ஆப் எழுதித் தள்ளும் பதிவுகள். டாக்கரின் வழக்கமான லாக் டிரைவருக்குத் தானாக அளவுக் கட்டுப்பாடு கிடையாது. அதிகபட்ச அளவையும் ஃபைல் எண்ணிக்கையையும் நீங்களே போட வேண்டும். போட்ட பிறகு கன்டெய்னர்களைப் புதிதாக உருவாக்குங்கள், பழையவை மாறாது.

கேள்வி: இரண்டு சர்வர் வைத்திருக்கிறேன். இரண்டையும் மேனேஜராக்கி (எது எங்கே ஓடும் என்று முடிவெடுக்கும் சர்வர்) ஸ்வார்ம் போட்டால் ஒன்று போனாலும் தாங்கும்தானே?

தாங்காது. ஸ்வார்மும், குபர்நெட்டீஸின் பின்னால் அதன் நிலையைச் சேமித்து வைக்கும் எட்சிடியும் பெரும்பான்மை ஓட்டில் இயங்குபவை. இரண்டில் ஒன்று போனால் மீதி ஒன்று பெரும்பான்மை ஆகாது. ஓடிக்கொண்டிருப்பவை ஓடும், ஆனால் விழுந்ததை வேறிடத்தில் எழுப்பவோ புதிதாக டெப்ளாய் செய்யவோ முடியாது. மூன்று இருந்தால் ஒரு இழப்பைத் தாங்கும், ஐந்து இருந்தால் இரண்டை. நான்கு வைத்தாலும் ஒன்றைத்தான் தாங்கும், அதனால் காசு வீண்.

மூன்றாவது சர்வர் கிடைத்தால் கே3எஸ்ஸையும் (எடை குறைந்த குபர்நெட்டீஸ்) பாருங்கள். 2019-இல் வந்தது, ஒரே பைனரி, சரியான குபர்நெட்டீஸ். ஒற்றை சர்வரில் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் ஓடும். மூன்று வைக்கும்போது எட்சிடிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: குபர்நெட்டீஸில் போட்டால் டேட்டாபேஸும் தானாக வேறு சர்வருக்கு நகருமா?

இந்த நம்பிக்கையால் பலர் அடிபடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பாட் நகரும், டிஸ்க் நகராது. டேட்டா அந்த சர்வரின் லோக்கல் டிஸ்க்கில் இருந்தால், சர்வர் திரும்பி வரும்வரை பாட் 'பெண்டிங்' என்றே நிற்கும். நெட்வொர்க் ஸ்டோரேஜ் வேண்டும், அல்லது டேட்டாபேஸுக்கே ரெப்ளிகா (வேறு சர்வரில் ஒரு நகல்) வேண்டும். டேட்டா வைத்திருக்கும் ஆப்புகளுக்கான குபர்நெட்டீஸ் வசதியான ஸ்டேட்ஃபுல்செட், பாடுக்கு நிலையான பெயரும் வால்யூமும் (டிஸ்க் இடம்) தரும். நகலெடுக்கும் ரெப்ளிகேஷனை அது செய்யாது. கிளவுடில் இருந்தால் மேனேஜ்டு (கிளவுட் நிறுவனமே பராமரிக்கும்) டேட்டாபேஸை எடுத்துக்கொண்டு, ஆப்பை மட்டும் கன்டெய்னரில் வையுங்கள்.

கேள்வி: நிறுவிய பிறகு குபர்நெட்டீஸுக்குப் பெரிய பராமரிப்பு இருக்குமா?

இருக்கும். ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 14 மாதம். கன்ட்ரோல் பிளேனை (எல்லாவற்றையும் நிர்வகிக்கும் மையப் பகுதி) அப்கிரேட் செய்யும்போது நடுவில் ஒரு பதிப்பைத் தாண்ட முடியாது. இரண்டு வருடம் தள்ளிப்போட்டால் படிப்படியாக ஏறியே வர வேண்டும். அதற்கென்று நேரம் ஒதுக்க ஆள் இல்லையென்றால் மேனேஜ்டு சேவையை எடுங்கள். சீக்ரெட்டுகளையும் (பாஸ்வேர்டு போன்றவை) கவனியுங்கள்: அவை வெறும் பேஸ்64, யாரும் திருப்பி வாசிக்கக்கூடிய எழுத்து மாற்றம், பூட்டு அல்ல. எட்சிடியில் என்க்ரிப்ஷனைத் தனியாகச் செட் செய்ய வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் எப்போதுதான் மாறுவது?

பல டீம்கள் ஒரே சர்வர் கூட்டத்தைப் பகிரும்போது. லோடு மணிக்கு மணி ஏறி இறங்கும்போது. ஒரு சர்வர் போனதைப் பயனர் உணரவே கூடாது என்னும்போது.

கேள்வி: பின்னால் மாறுவோம் என்று தெரிகிறது. இப்போதே கம்போஸில் என்ன செய்து வைக்கலாம்?

கான்ஃபிக் எல்லாவற்றையும் என்விரான்மென்ட் வேரியபிளுக்குக் கொண்டுவாருங்கள். பயனர் ஏற்றும் ஃபைல்களைக் கன்டெய்னருக்குள் வைக்காமல் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (ஃபைல்களைச் சேமிக்கும் தனிச் சேவை) அனுப்புங்கள். கொம்போஸ் என்ற கருவி உங்கள் கம்போஸ் ஃபைலைக் குபர்நெட்டீஸ் வடிவத்துக்கு மாற்றித் தரும், ஆனால் எதற்குப் பிறகு எது தொடங்க வேண்டும் என்று கம்போஸ் ஃபைலில் சொல்லும் 'டிபெண்ட்ஸ் ஆன்' வரிசைக்கு அங்கே நேரடி இணை இல்லை. டேட்டாபேஸ் வரும்வரை ஆப்தான் காத்திருந்து மறுபடி முயல வேண்டும். அந்த வரியை இப்போதே எடுத்துவிட்டு, டேட்டாபேஸை ஒரு நிமிடம் தாமதமாக ஏற்றிப் பாருங்கள். ஆப் பிழைத்து எழுந்தால் பாதி வேலை முடிந்தது.