திருவான்மியூர் உறைக்கிணறு: இரண்டு மணி நேர இறைப்பு போதாது
திருவான்மியூரில் உள்ள உங்கள் உறைக்கிணற்றில் இரண்டு மணி நேரம் நீர் இறைத்து மட்டம் இறங்குவதை அளந்தீர்கள்; அதிலிருந்து நீர்கடத்துதிறனை (நிலத்தடிப் படுகை எவ்வளவு எளிதில் நீரைக் கடத்துகிறது என்பதன் அளவை) கணக்கிட்டால் ஏன் வெவ்வேறு விடை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். மட்டம் இறங்குவதை நேரத்தின் மடக்கைக்கு எதிரே வரைந்து, அந்தக் கோட்டின் சரிவிலிருந்து விடை காணும் கூப்பர்–ஜேக்கப் முறைக்கு இரண்டு மணி நேர அளவீடுகள் போதாது; கோட்டின் எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தாலும் வெவ்வேறு விடை வருவதற்குக் காரணம், நீங்கள் பெரும்பாலும் கிணற்றுக்குள் தேங்கியிருந்த நீரையே இறைத்திருக்கிறீர்கள் என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் எண்களிலேயே இதைச் சரிபார்க்கலாம். 2 மீட்டர் விட்டமுள்ள உறையின் குறுக்குப் பரப்பு 3.14 சதுர மீட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர் வீதம் அரை மணி நேரம் இறைத்தால் 1,800 லிட்டர். ஊற்றே இல்லாதிருந்தால் மட்டம் 57 செ.மீ. இறங்கியிருக்கும். அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் அளந்தது 40 செ.மீ. அதாவது, வெளியேறிய நீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு கிணற்றின் சொந்த இருப்பு. மணற்படுகை தந்தது மீதி மட்டுமே.

இந்த இருப்பின் தாக்கம் ஓய, கிணற்றின் ஆரத்தின் வர்க்கத்தை 25 ஆல் பெருக்கி நீர்கடத்துதிறனால் வகுத்தால் கிடைக்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். நீர்கடத்துதிறன் நாளொன்றுக்கு 30 சதுர மீட்டர் என வைத்துக்கொண்டால் அது 20 மணி நேரம். ஆறு அங்குல ஆழ்துளைக் கிணற்றுக்கு இதே கணக்கு ஏழு நிமிடம்கூட ஆகாது. அவ்வளவு நேரம் இறைக்க இயலாதெனில், பெரிய விட்டக் கிணறுகளுக்கென 1967-இல் வெளியான பாப்படோபுலோஸ்–கூப்பர் வளைகோடுகளோடு (கிணற்றின் சொந்த இருப்பையும் கணக்கில் கொண்டு வரையப்பட்டவை) உங்கள் தரவைப் பொருத்திப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: கடல் அருகில் இருப்பதால், நீண்ட நேரம் இறைக்கும்போது மணிக்கொருமுறை நீரின் மின்கடத்துதிறனையும் (நீரில் உப்பு கூடினால் இது உயரும்) அளந்து, அது ஏறத் தொடங்கினால் மோட்டாரை நிறுத்திவிடுங்கள். அக்கம்பக்கத்தார் இறைப்பதால் உங்கள் அளவீடு குழம்பாதிருக்க, அவர்கள் மேல்நிலைத் தொட்டி நிரப்பும் காலை வேளையையும் தவிருங்கள்.