ஃபாஸ்ட் என்றால் வேகம் மட்டும்தானா?

கேள்வி: எங்கள் ஐயாவின் சதாபிஷேக மலருக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். அவரை ‘ஸ்டெடி’ என்று குறிப்பிட்டிருந்தேன். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அதை ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ என்று மாற்றிவிட்டான். இரண்டும் ஒன்றுதானா? நிலையாக இருப்பவருக்கு ஃபாஸ்ட் எதற்கு?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஒன்றல்ல. தம்பி மாற்றியது சரிதான்.

ஃபாஸ்ட் என்ற சொல்லுக்கு வேகம் என்ற பொருள் பிற்பாடு வந்தது, அதன் பழைய பொருள் உறுதி, கெட்டியாகப் பிடித்திருப்பது. கண்டாங்கிச் சேலை எடுக்கும்போது ‘ஃபாஸ்ட் கலர்தானே?’ என்று கேட்கிறோமே, சாயம் போகாதுதானே என்றுதான் அதற்கு அர்த்தம், அதே ஃபாஸ்ட்தான் இதிலும் இருக்கிறது. முன்னால் உள்ள ‘ஸ்டெட்’ என்றால் இடம். ஆக, நின்ற இடத்தை விட்டு அசையாதவர். ஆங்கிலத்தில் இது ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய சொல். ‘ஸ்டீட்’ என்று நீட்டாதீர்கள், ‘பிரெட்’ போலக் குறில்தான்.

மாதச் சம்பளம், விடாமல் பெய்யும் மழை, ஒரே சீராக ஓடும் மோட்டார், இதற்கெல்லாம் ஸ்டெடி போதும். ஓயாத இரைச்சல், தீராத வலி என்றால் கான்ஸ்டன்ட். ஸ்டெட்ஃபாஸ்ட் பெரும்பாலும் மனிதருக்கும் அவருடைய நட்பு, நம்பிக்கை, கொள்கைக்கும்தான் வரும், அதிலும் அசைத்துப் பார்க்க ஏதோ ஒன்று இருந்தும் அசையாமல் நின்றவருக்குத்தான் அது முழுதாகப் பொருந்தும். வீண் பிடிவாதத்துக்கு வேறு சொற்கள் உண்டு, இது பாராட்டு.

நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வர வேண்டும் என்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்தார்கள். கல்லூரிகளையும் கட்டிய அவரைப் பற்றி ‘ஸ்டெட்ஃபாஸ்ட் இன் ஹிஸ் சப்போர்ட் ஃபார் எஜுகேஷன்’ என்று தயங்காமல் எழுதலாம். அந்த ‘இன்’ முக்கியம், எதில் உறுதி என்று சொல்வது அதுதான்.

ஐயாவுக்கும் அப்படியே எழுதுங்கள். வெறும் ஸ்டெட்ஃபாஸ்ட் என்று நிறுத்தினால் யாருக்கும் பொருந்துகிற புகழ்ச்சியாகிவிடும். பிள்ளைகளைப் படிக்கவைத்ததிலா, கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதிலா, எதில் என்று அப்பத்தாவிடம் கேட்டால் தெரிந்துவிடும். அப்புறம் ஒன்று, ஐயா நல்லபடியாக இருக்கும்போது ‘வாஸ்’ வேண்டாம், ‘ஹாஸ் பீன்’ போடுங்கள்.