முன்பு கருக்குழாயில் கரு தங்கியிருந்தால், அடுத்த கர்ப்பத்தில் டாக்டரை எப்போது பார்க்க வேண்டும்?

கேள்வி: கருக்குழாயில் கரு தங்கியதால் 2 வருடம் முன்பு ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். இப்போது 5 வாரம். அடிவயிறு லேசாக இழுக்கிறது. டாக்டரைப் பார்க்க இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா?

வேண்டாம், இன்றைக்கே போன் செய்யுங்கள். எனக்கும் வலது குழாய் இல்லை. அடுத்த முறை இரண்டு கோடு வந்தபோது சந்தோஷத்துக்கு முன்னால் கை நடுக்கம்தான் வந்தது. போனில் "கர்ப்பமாக இருக்கிறேன், அப்பாயின்ட்மென்ட் வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். எல்லோருக்கும் கொடுப்பதுபோல 5 வாரம் தள்ளித் தேதி கிடைத்தது. மறுநாள் திரும்பக் கூப்பிட்டு, "முன்பு ட்யூபில் கர்ப்பம்" என்றதும் பேச்சே மாறிவிட்டது. அன்று மாலையே ரத்தப் பரிசோதனை. அதனால் நீங்கள் எடுத்த எடுப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

ஒருமுறை இப்படி ஆனவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு மறுபடியும் வரலாம். ராத்திரியெல்லாம் அந்த ஒருவர் நான்தான் என்று விழித்துக் கிடந்தேன். மற்ற ஒன்பது பேர் நினைவுக்கே வரவில்லை.

ரத்தத்தில் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார்கள். சரியாக இரட்டிப்பானால்தான் நல்லது என்று நினைத்து நான் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் குறைவாக ஏறினாலும் நல்ல கர்ப்பமாக இருக்கலாம். நன்றாக ஏறினாலும் கரு எங்கே இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது ஸ்கேன்தான். பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் 6 வாரம் வாக்கில் ஓரளவு தெளிவாகத் தெரியும். எனக்கு அவசரப்பட்டு அதற்கு முன்பே எடுத்ததில், உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். அந்த ஒரு வாரத்தை எப்படித் தள்ளினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

மாதவிடாய்க்கு முன் வருவதுபோன்ற லேசான இழுப்பு ஆரம்ப வாரங்களில் பலருக்கும் இருப்பதுதான். ஆனால் ஒரே பக்கத்தில் விடாமல் வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல், மயக்கம், தோள் நுனியில் வலி என்று எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதியைப் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தோளுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். உள்ளே கசியும் ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்தும்போது, நரம்பு வழியாக அந்த வலி தோளில் தெரியும். முதல் தடவை எனக்கு இப்படித்தான் ஆனது. தலையணை சரியில்லை என்று நினைத்து அரை நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்!

அப்புறம் தைராய்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். முதல் சில மாதங்கள் குழந்தை அம்மாவின் ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது; தைராய்டு குறைவாகச் சுரப்பதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்றால், பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டிவரும். எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் அவர் சொல்லும்வரை காத்திருக்காமல், தைராய்டு அளவு சரியாக இருக்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று அதே போனில் கேட்டுவிடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் கொடுத்தால் தைராய்டு மாத்திரைக்கும் அவற்றுக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஃபோலிக் ஆசிட் இன்னும் தொடங்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வையுங்கள். என்னுடையதில், மிச்சமிருக்கும் இடது குழாய் எப்படி இருந்தது என்று அறுவை சிகிச்சை செய்தவர் ஒரு வரி எழுதியிருந்தார். புது டாக்டர் முதலில் தேடிப் படித்தது அதைத்தான்.