பனகல் அரசர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னை மாகாணத்தின் முதலாவது முதல்வர் பனகல் அரசர்தானே?
இல்லை. 1920 டிசம்பரில் பதவியேற்றவர் சுப்பராயலு ரெட்டியார். அவர் உடல்நலக் குறைவால் விலகியதும், 1921 ஜூலையில் பனகல் வந்தார். 1926 டிசம்பர் வரை நீடித்தார்.

ஐந்து வருடம் ஆண்டும் நிலவரியை ஏன் குறைக்கவில்லை?
அது அவர் கையிலேயே இல்லை. இரட்டையாட்சியில், அதாவது துறைகளை பிரிட்டிஷ் ஆளுநருக்கும் மந்திரிகளுக்கும் பிரித்த அன்றைய முறையில், நிலவரி, போலீஸ், நிதி எல்லாம் ஆளுநர் பக்கம். கல்வி, ஸ்தல ஸ்தாபனம் (உள்ளாட்சி), சுகாதாரம் போன்றவைதான் மந்திரிகளுக்கு. இன்றைய முதல்வரை மனதில் வைத்து அவரை எடைபோடாதீர்கள்.

அவருடைய சாதனை என்று எதைச் சொல்வீர்கள்?
சந்தேகமில்லாமல் 1925 இந்து அறநிலையச் சட்டம். அதுவரை கோயில் சொத்தில் முறைகேடு என்றால் 1863 சட்டத்தின்படி அமைந்த கமிட்டிகளையும் நீதிமன்றத்தையும் நம்பித்தான் இருக்க வேண்டும். மேற்பார்வைக்கென்று ஒரு வாரியம் இந்தச் சட்டத்தால்தான் வந்தது. மதத்தில் தலையீடு என்று சட்டசபைக்கு உள்ளேயும் வெளியேயும் கடும் எதிர்ப்பு, அவர் பின்வாங்கவில்லை. சட்டம் செல்லுமா என்ற கேள்வி எழுந்து, 1927இல் திரும்ப இயற்ற வேண்டியிருந்தது. இன்றைய அறநிலையத் துறைக்கு வேர் இதுதான்.

வகுப்புவாரி ஆணையை விட்டுவிட்டீர்களே!
அரசு வேலையில் வகுப்புவாரியாக இடம் தரும் 1921, 1922 ஆணைகள் அவர் காலத்தவைதான். ஆனால் அவை நடைமுறைக்கு வந்தது அவருக்கு அடுத்து முதல்வரான சுப்பராயனின் அமைச்சரவையில், முத்தையா முதலியார் மந்திரியாக இருந்தபோது. இந்த இரண்டு கட்டத்தையும் குழப்பாதீர்கள்.

அப்படியானால் 1921 ஆணை வெறும் காகிதமா?
அப்படிச் சொல்வது அநியாயம். அரசு வேலையில் எல்லா வகுப்பாருக்கும் பங்கு உண்டு என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். அதே சமயம், தாழ்த்தப்பட்டோருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. தாழ்த்தப்பட்டோரின் தலைவரான எம்.சி. ராஜா 1923இல் பனகலின் நீதிக்கட்சியை விட்டே விலகினார். பனகலைப் புகழ்பவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் முதல்வர் அவர் என்றுதான் நான் படித்தேன்.
முதல் பதிலைப் பாருங்கள்.

தி.நகர் பனகல் பூங்கா இவர் பெயரா?
ஆமாம்.

ஆட்சி எப்படிப் போனது?
கட்சிக்குள்ளேயே முன்பே விரிசல். 1923 நவம்பரில், கட்சியிலிருந்து பிரிந்த சி.ஆர். ரெட்டி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 44க்கு 65 என்று தோற்றது. 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சிக்கு 41 இடம், நீதிக்கட்சிக்கு 21. ஜெயித்தவர்கள் பதவி ஏற்க மறுத்ததால் சுயேச்சையான சுப்பராயன் முதல்வரானார். பனகல் 1928 டிசம்பரில் காலமானார்.